முறைப்படி அண்ணன் நடத்திய தேர்தல்

தும்முவதற்கு முன் கைக்குட்டையை நான்காக மடித்துக்கொள்ளும் மனிதர் சிங்கப்பூரிலேயே ஒருவர்தான். ஜாலான் புசாரில் தையல்கடை வைத்திருந்தார். எதற்கெடுத்தாலும் "முறைப்படி செய்யணும்" என்பார். அதனால் எல்லாருக்கும் அவர் முறைப்படி அண்ணன். கால்சட்டையைப் பிடித்துத் தரச் சொன்னால், "நீங்க இளைச்சீங்களா, துணி பெருத்துச்சா?" என்று விசாரணை முடித்துத்தான் கத்தரிக்கோலைத் தொடுவார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பகலில் குமாஸ்தா வேலை. பட்டம் படிக்க ஆசை. பல்கலைக்கழகத்திலோ பகலில் மட்டும்தான் வகுப்பு. வேலையை விட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. சட்டைக்கு அளவு கொடுக்கும்போது இதை அவரிடம் சொல்லித் தொலைத்தேன்.

"சாயங்கால வகுப்பு வேணும்னு கேளு தம்பி."

"நான் கேட்டா யாருண்ணே மதிப்பா?"

"அப்ப ஊரையே ஓட்டுப் போடச் சொல்லிக் கேப்போம். முறைப்படி செஞ்சிடலாம்லா!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை வாக்குச்சாவடி ஆனது. பிஸ்கட் டின்தான் பெட்டி. உடுப்புப் போட்டுப் பார்க்கும் திரைமறைவில் ரகசிய வாக்களிப்பு. மாலை வகுப்பு வேண்டும் என்பவர்கள் டின்னில் வெள்ளைப் பொத்தான் போட வேண்டும். வேண்டாம் என்பவர்கள் கறுப்பு. வெளியே வந்ததும் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய மனுவில் கையெழுத்து, அல்லது கைநாட்டு. கடைத்துணியில் மை பட்டுவிடுமாம். ஆகவே கைநாட்டுக்கு, துணியில் கோடு போடும் நீலச் சாக்குக்கட்டியின் தூள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் திரைக்குள் போனார், ஆளைக் காணோம்.

"என்னங்க செய்றீங்க உள்ள?"

"சிலுவாரைக் கழட்டிட்டேன்ணே. புதுசு எங்க?"

"முதல்ல அந்தப் பழைய கால்சட்டையையே மாட்டுங்க. அப்புறம் ஓட்டு."

எண்ணிப் பார்த்தால் டின் நிறைய வெள்ளை, பதினொரு கறுப்பு.

"கறுப்பைத் தூக்கிப் போட்டுடலாம்ணே."

"அவங்களும் ஜனங்கதானே? எழுது, பதினொண்ணு!"

செவ்வாய் காலையில் பல்கலைக்கழகக் குழு கூடுகிறது. அதற்குள் மனு போய்ச் சேர வேண்டும். திங்கட்கிழமை காலை வாங்கப் போனேன். காகிதம் மொடமொடவென்று இருந்தது. கைநாட்டு ஒன்றுகூட இல்லை. சுருக்கம் இருக்கக் கூடாது என்று மனுவுக்கு இஸ்திரி போட்ட அண்ணன், சட்டையைக் கொடுக்குமுன் சாக்குக்கட்டிக் கோடுகளைத் தட்டுகிற பழக்கத்தில், பிரஷ்ஷால் நன்றாகத் தட்டியும் விட்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நம்ம கட்டைவிரலையே வச்சிடலாம்ணே. யாருக்குத் தெரியும்?"

சட்டைக்குக் கழுத்தில் கை வைத்துத் தைத்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தீபாவளித் துணி மலைபோல் குவிந்திருக்க, கடையைச் சாத்தினார். மை வாங்கினார். காப்பிக்கடை, சலவைக்கடை, துறைமுக வாசல் என்று ஒவ்வோர் ஆளாகத் தேடினார். காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு நானும் பின்னால் ஓடினேன். பொழுது சாயும்போது எல்லாக் கைநாட்டும் வந்துவிட்டன. அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க மை.

பட்டியலைச் சரிபார்த்தபோது அவர் பெயர் மட்டும் இல்லை.

"நீங்க போடலியாண்ணே?"

"நடத்துறவன் போடக்கூடாது தம்பி."

மனுவுக்குப் பல்கலைக்கழகத்திடமிருந்து 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. இன்னும் பரிசீலனையில்தான் உள்ளது. அண்ணன் இப்போது குவீன்ஸ்டவுனில், மகன் வீட்டில். அவர் இந்தப் பத்திரிகையை வாசிப்பவர், ஆகவே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவர் பெயர் இல்லாமல் அந்த மனுவைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசி வரியில் நானே அதை எழுதி, பக்கத்தில் என் கட்டைவிரலை வைத்தேன். அவர் நடத்திய தேர்தலில் விழுந்த ஒரே கள்ள ஓட்டு அதுதான்.