வண்டிக்குள் ஒரு டொக்

"வந்துச்சு! கேட்டுச்சா மாமா?"

சிக்னலில் வண்டியை நிறுத்திய கையோடு கத்தினார் கண்ணாடிக் கடைக்காரர்.

"கேட்டுச்சு மாப்பிள்ளை. டொக்குன்னு. கீழேருந்துதான் வருது" என்றார் பின் சீட்டில் இருந்த மாமனார்.

கடைக்காரரின் வேன் பழையது. செல்லமாகக் 'கிழவி' என்பார். முன்னால் தன் பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டுக் கருவிப் பெட்டியை வைத்திருந்தார். பின்னால், டிரைவர் சீட்டுக்கு அடுத்து, இரண்டு பேர் உட்காரும் ஒரே ஒரு நீள சீட்டு. மீதி இடமெல்லாம் கண்ணாடிகளுக்கு. இத்தனை வருஷம் முனகாமல் உழைத்த கிழவி, இப்போது பிரேக் போட்டால் டொக் என்றாள். வளைவில் திரும்பினால் அவர் முதுகுப் பக்கம் சீட்டு நடுங்கியது. அதுவும் காலையில், கடை திறக்கப் போகிற வழியில் மாமனாரைப் பூங்காவில் இறக்கிவிடும்போதுதான். கண்ணாடி ஏற்றிக்கொண்டு போனால் சத்தமே கிடையாது.

"பாரம் இருந்தா அமுங்கிடுது. காலியா இருந்தா துள்ளுது" என்று கண்டுபிடித்தார் கடைக்காரர்.

"இருக்கும், இருக்கும்" என்றார் மாமனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்ததிலிருந்து பொழுது போகாமல் தவித்த மனிதர். இப்போது விடிந்ததும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, சத்தம் கேட்கத் தயாராக வாசலில் நின்றார்.

மெக்கானிக் வண்டியைத் தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"நல்லாத்தானே போகுது அண்ணே?"

"டாக்டரைப் பார்த்ததும் பல்வலி நின்னுடுமே, அந்த மாதிரி" என்றார் மாமனார்.

"இல்லாத சத்தத்துக்கு நான் எங்க போய் வைத்தியம் பார்க்கிறது?"

கடைக்காரர் விடவில்லை. மெக்கானிக் அரை மனதோடு நாலு ஷாக் அப்சார்பரையும் மாற்றினார். அது சரியாகிவிட்டதா என்று பார்க்க, கடையின் கண்ணாடிக் கிடங்குக்குப் பின்னால் இருந்த குண்டும் குழியுமான சாலையில் வண்டியை விரட்டினார் கடைக்காரர்.

டொக். டொக். டொக்.

"முன்னைக்கு இப்ப ஜாஸ்தி மாமா!"

"ரொம்ப ஜாஸ்தி" என்று மாமனார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மனுஷனுக்குச் சட்டையே நனைந்திருந்தது. நம்ம வண்டிக்காக எவ்வளவு கவலைப்படுகிறார் என்று மாப்பிள்ளைக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

அடுத்தது பிரேக். முழுசாகப் புதுசு போட்டார்கள். கால் பட்டாலே வண்டி கப்பென்று நின்றது. சத்தமும் அதே வேகத்தில், இடி மாதிரி விழுந்தது. கூடவே அவர் சீட்டு ஒரு குலுக்கு குலுங்கியது.

"அடிச்சட்டம், அந்த சேஸிலயே விரிசலோ என்னமோ" என்று வீட்டில் புலம்பினார்.

"வித்துத் தொலைங்களேன். சோறு திங்கும்போதும் அந்த டொக்கைப் பத்தித்தான் பேசணுமா?" என்றாள் மனைவி.

விற்க அவருக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானே களத்தில் இறங்கினார். தரையில் எங்கேயோ ஓட்டை இருக்க வேண்டும் என்று தடிமனான ரப்பர் விரிப்பைப் பிய்த்து எறிந்தார். ஓட்டை இல்லை. வெறும் தகரம்தான் பளபளத்தது.

மறுநாள் டொக் போய், டங் வந்துவிட்டது.

அதோடு கடைக்காரர் உடைந்துபோனார். ஒரு நடனப் பள்ளிக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி பதிக்கிற வேலை கைக்கு வந்திருந்தது. அவர் கடைக்கு இதுவரை வராத பெரிய வேலை. ஆளுயரக் கண்ணாடிகளை இந்த வண்டியில் எப்படி ஏற்றுவது?

"நடுவழியில அடியோட கழண்டு விழுந்தா? கண்ணாடி போனா போகட்டும், ரோட்டுல போறவங்க என்ன ஆவாங்க?" என்று கேட்டார்.

வண்டியை ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது. விற்கச் சொன்ன மனைவியே அன்றைக்கு வாசலில் நின்று கண்ணைத் துடைத்தாள்.

"பாப்பாவை ஆஸ்பத்திரியிலேருந்து இதுலதானே கூட்டிட்டு வந்தோம். அப்ப நீங்க நடக்கிறதைவிட மெதுவா ஓட்டினீங்க."

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"பின்னால வந்தவன் திட்டினது வரைக்கும் ஞாபகம் இருக்கு."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

வண்டி கைமாறுவதற்கு முந்தின நாள், மகன் வீட்டில் தங்கியிருந்த மாமியார் ரயிலில் வந்தார். மாமனாரையும் ஏற்றிக்கொண்டு அழைத்துவரப் போனார் கடைக்காரர். கிழவியோடு கடைசிச் சவாரி. போகும்போது நாலு டங். மாமனார் ஒவ்வொன்றுக்கும் 'ச்சு' கொட்டினார்.

திரும்பும்போது மாமியார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பேரக் குழந்தைகளின் குறும்பைச் சொல்லிக்கொண்டே வந்தார். குறுக்குச் சந்திலிருந்து ஒரு லாரி திடீரென்று மூக்கை நீட்டியது. கடைக்காரர் பிரேக்கை மிதித்தார்.

டங்! முதுகுப் பக்கம் சீட்டு கிடுகிடுவென்று ஆடியது.

வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கை ஒரு தடவை தடவிக்கொடுத்தார்.

"கேட்டுச்சா அத்தை? எல்லா வைத்தியமும் பார்த்தாச்சு. மாமாவும் தினமும் கூடவே வந்து காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டார். எங்கேருந்து வருதுன்னே தெரியலை. அதான் கொடுத்துடுறேன்."

மாமியார் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, எத்தனை வருஷமா சொல்றேன்? தரையை உதைக்காம காலைத் தூக்கி மேல வச்சுக்கங்க, அவர் சீட்டையும் விடுங்க, பிரேக்கை மாப்பிள்ளையே போட்டுக்குவார்!"