அத்தைக்கு இடமில்லாத இரண்டு பைட்

நான் ஒருமுறை தண்ணீர் திருடியிருக்கிறேன். அதுவும் சொந்த அத்தையின் கடலைக் கொல்லைக்குப் போக வேண்டிய தண்ணீரை, பட்டப்பகலில், சி மொழியில் எழுதி.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், குட்டிக் குட்டிக் கருவிகளுக்குப் புரோகிராம் எழுதும் வேலை. சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நிலைமைக்கு வந்துவிட்டிருந்தேன்.

எங்கள் வீடு திருப்புலிவனம் பக்கம். நைனா, பெரியப்பா, இரண்டு சித்தப்பா என்று நாலு பேருக்கும் பொதுவாக ஒரே போர்வெல். யாருக்கு என்றைக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று முறை உண்டு. முறை இருந்தால் சண்டையும் உண்டு. ஒருவர் வால்வை மூட மறந்தால் இன்னொருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். இதைத் தீர்த்து வைக்கத்தான் நான் அவதாரம் எடுத்திருக்கிறேன் என்று முடிவு செய்தேன். (கம்பெனியில் யாரும் அப்படி நினைக்கவில்லை. அதனால் ஊரில்.)

ஒவ்வொரு நிலத்துக்கும் தானாகத் திறக்கும் வால்வு, மோட்டார் ரூமில் ஒரு பெட்டி. வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் முறையை அடித்தால் ஒரு மலிவு ரேடியோ அதைப் பெட்டிக்கு அனுப்பும். செய்தி நீளமானால் ரேடியோ பாதியில் விட்டுவிடும் என்பதால் கொஞ்சம் சுருக்க வேண்டும். நான் கொஞ்சமாகவா சுருக்கினேன்? ஒரு முறைக்கு மொத்தமே பதினாறு பிட், அதாவது இரண்டே பைட். பிட் என்பது பூஜ்ஜியமோ ஒன்றோ மட்டும் உட்காரக்கூடிய ஒரு கட்டம். யார் என்பதற்கு இரண்டு கட்டம், கிழமைக்கு மூன்று, தொடங்கும் மணிக்கு ஐந்து, எத்தனை அரை மணி நேரம் என்பதற்கு ஆறு. ஒரு கட்டம்கூட வீணில்லை. இரண்டு கட்டத்தில் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை எழுதலாம், நாலு பேருக்குக் கச்சிதம். எங்கள் தொழிலில் பூஜ்ஜியத்திலிருந்துதான் எண்ணுவோம், அதனால் நைனாதான் பூஜ்ஜியம். (பெரியப்பாவை விட்டு நைனாவை முதலில் வைத்தது பாசம்.) 'ரெண்டே பைட்' என்று ஆபீசில் ஒருவர் விடாமல் சொன்னேன். கேன்டீன் அண்ணனிடமும் சொன்னேன்.

ஒரு மாதம் பிரமாதமாக ஓடியது. அப்புறம் அத்தை வந்தார்.

பச்சையம்மா அத்தை இந்த நாலு பேருக்கும் அக்கா. மாகறலில் கட்டிக்கொடுத்தது. தாத்தா அவர் பேரில் எழுதி வைத்த அரை ஏக்கரை அதுவரை நைனாதான் சேர்த்து உழுதுகொண்டிருந்தார். அந்த வருடம் அத்தை, தானே பயிர் வைக்கப் போவதாக அறிவித்து வேர்க்கடலை போட்டார். அறுபது வயதில் முதல்முதலாகத் தன் நிலத்தில் தன் பயிர். மாகறலிலிருந்து பஸ் ஏறி வந்து, செடிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டார். தண்ணீருக்குக் கவலையில்லை, மருமகள் மிஷின் வைத்திருக்கிறாள் என்று பஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னார்.

நான் ஐந்தாவது வால்வைப் பொருத்தினேன். அத்தைக்கு நாலாம் எண் கொடுத்தேன். வாரத்துக்கு இரண்டு முறை என்று அடித்து அனுப்பிவிட்டு ஒரகடம் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் காலையில் அத்தை போன் செய்தார். கடலை பூத்திருக்கிறது, தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை என்றார். லேப்டாப்பைத் திறந்தேன். அத்தை பேருக்கு நேரே பச்சை டிக். (செய்தி போய்ச் சேர்ந்ததற்கான டிக். தண்ணீர் போய்ச் சேர்ந்ததற்கு அல்ல. அந்த வித்தியாசம் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.)

"பாஞ்சிகீது அத்தை. இங்க டிக் விழுந்துகீது," என்றேன்.

"நான் கொல்லையில நின்னுக்கினு பேசறேன்டி. மண்ணு வெடிச்சிகீது."

"சிஸ்டத்துல சரியா கீது அத்தை. நீ ஒருவாட்டி நல்லா பாரு."

"அப்ப அந்த டிக்கு விழுந்த எடத்துலதான் கடலை போட்டிருக்கணும்," என்று அத்தை போனை வைத்துவிட்டார்.

வைத்தவர் நேரே நைனாவின் கழனிக்குப் போயிருக்கிறார். அங்கே நெல் கணுக்கால் தண்ணீரில் ஜம்மென்று நின்றது. (தண்ணீர் கூடிப் போனால் நெல் புகார் செய்யாது. நைனாவும் செய்யவில்லை. மகள் மிஷினின் மகிமை என்று நினைத்திருக்கிறார்.) கூடப்பிறந்தவளை ஏமாற்றத் தம்பி தன் பெண்ணை வைத்து மிஷின் செய்திருக்கிறான் என்று அத்தை வரப்பில் நின்று சொல்லிவிட்டார். நைனா மதியம் சாப்பிடவே இல்லை என்று அம்மா போனில் சொன்னார். லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வாலாஜாபாத் தாண்டுவதற்குள் புரிந்துவிட்டது. நாலு என்பதைப் பிட்டில் எழுதினால் ஒன்று, பூஜ்ஜியம், பூஜ்ஜியம். மூன்று கட்டம் வேண்டும், நான் வைத்திருந்தது இரண்டு. சி மொழி இதற்கெல்லாம் வாயைத் திறக்காது. முன்னால் இருந்த ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த பூஜ்ஜியங்களை உள்ளே வைத்துக்கொண்டது. பூஜ்ஜியம் என்றால் நைனா. அத்தையின் முறை வந்தபோதெல்லாம் நைனாவின் வால்வுதான் திறந்திருக்கிறது.

மோட்டார் ரூம் வாசலில் எல்லோரையும் கூட்டி வைத்து, தரையில் குச்சியால் கட்டம் போட்டு, தப்பு என்னுடையது, நைனாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். நேரத்துக்கு வைத்த ஆறு கட்டத்தில் எவ்வளவு எழுதலாம் என்று பெரியப்பா கேட்டார். முப்பத்தொன்றரை மணி நேரம் என்றேன். எங்கள் ஊரில் கரண்ட்டே அத்தனை நேரம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

"இல்லாத நேரத்துக்கு எடம் வெச்ச. இருக்கிற எனக்கு வெக்கல," என்றார் அத்தை.

நான் அழுதுவிட்டேன். நைனா எழுந்து தன் வால்வை மூடினார். அத்தையின் வால்வைக் கையாலேயே திருகித் திறந்தார். "மொதல்ல தண்ணி பாயட்டும்க்கா. அப்பறம் உக்காந்து திட்டு," என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீரோடு நடந்தார். அத்தை பின்னாலேயே போனார். அந்த வாரம் நைனாவின் முறையெல்லாம் அத்தைக்குத்தான்.

ஆறில் ஒரு கட்டத்தை எடுத்து 'யார்' என்ற இடத்தில் சேர்க்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. மொத்தம் அப்போதும் இரண்டே பைட். கடலை பாதிதான் தேறியது, அதிலும் பாதி ஒற்றைப் பருப்பு. அத்தை ஒரு படி அவித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "சிஸ்டத்துல ரெட்டைப் பருப்பா இருக்கும், பாத்துக்க," என்றார்.

இப்போது ஆபீசில் எதை எழுதினாலும் ஒரு கட்டத்தைக் காலியாக விடுகிறேன். என் டீமில் அதற்கு அத்தை பிட் என்று பேர். புதிதாகச் சேர்கிறவர்கள் அது பாடப்புத்தகத்தில் இருப்பதாக நினைத்து நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

போன மாதம் கார் வாங்கினேன். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். நைனா முதல் ஆளாக முன் சீட்டில் ஏறிக்கொண்டார். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எனக்கு எடம் வெச்சிகீறியாடி? இல்ல, உங்க நைனா மடியிலதான் உக்காரணுமா?"

நைனா இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.