தானாய் நிரம்பும் நகராட்சி அண்டா

யாஸ்லோவோ சதுக்கத்தில் சனிக்கிழமைதோறும் அதிசயம் நடந்தது. நகராட்சி அண்டாவில் பீன்ஸ் சூப் அள்ள அள்ளக் குறையவில்லை. அதுவும் இலவசம்! பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்து வரிசையில் நின்றார்கள். தலைநகர் சோபியாவில் பொருளாதாரம் படித்த டாக்டர் லூபேன் கழுத்தில் டையும் கையில் சாம்பிராணியுமாக அண்டாவைச் சுற்றி வந்தார். பொருளாதாரம், பூசை இரண்டிலும் அவருக்கு ஒரே அளவு ஞானம்.

"அரசாங்கம் ஒரு பிடி போட்டா ரெண்டு பிடியா பெருகும்! சுழற்சி, மக்களே, சுழற்சி!"

அண்டாவுக்குப் பின்னால் புனித ஜார்ஜ் படம் போட்ட திரை. மந்திரம் முடிந்ததும் சூப் விளிம்புவரை ஏறும். கூட்டம் சிலுவை போட்டுக்கொள்ளும்.

எதிரே சூப் கடை வைத்திருந்த ஸ்த்ராவ்காவுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அதிசயத்தோடு எந்தக் கடைக்காரி போட்டி போட முடியும்? போதாக்குறைக்குச் சதுக்க வரி வேறு. காசாகக் கேட்டால் கத்துவார்கள் என்று நகராட்சி அதைப் பீன்ஸ் கொட்டையாகவே வாங்கியது. புனிதர் பெயரால் ஊரே கூடிச் சமைத்துண்ணும் குர்பான் திருநாளில் பொது அண்டாவுக்கு ஆளுக்கொரு பிடி போட்டுப் பழகிய ஊர். கொடுப்பது காணிக்கை போலத்தான் இருந்தது. காலையில் நகராட்சியின் கொல்லைக் கதவில் மூட்டையைக் கொடுப்பார்கள், மதியம் முன்வாசலில் கிண்ணத்தோடு நிற்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்படியே போனால் ஈஸ்டருக்குள் கடையை மூட வேண்டியதுதான் என்று ஸ்த்ராவ்காவுக்குத் தெரிந்துபோயிற்று.

"உனக்குப் பொறாம ஸ்த்ராவ்கா," என்றாள் மிளகாய் விற்கும் பென்கா. "மேயரய்யா கை ராசி அது!"

அடுத்த சனிக்கிழமை காலை, ஊரார் வரி மூட்டைகளோடு வந்து கூடும்போதே ஸ்த்ராவ்கா அண்டா முன்னால் வந்து நின்றாள்.

"டாக்டரே, இதுல எங்க பீன்ஸ் ஒண்ணுகூட இல்லதானே?"

"ஒரு கொட்டகூட இல்லம்மா! சத்தியம்!"

"அப்ப இன்னிக்கு ஒரு நா மட்டும் கொல்லக் கதவப் பூட்டி வைப்போம். சாவி பென்காகிட்ட இருக்கட்டும்."

கூட்டத்துக்கு முன்னால் செய்த சத்தியம். மேயர் ஸ்தாமென் வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்தார்.

லூபேன் தொண்டை வற்ற ஓதினார். சாம்பிராணி தீர்ந்தது. கரண்டி அண்டாவின் அடியில் 'ணங்' என்று இடித்தது.

"இது... இது தற்காலிக மந்தநிலை!" என்றார் லூபேன்.

ஸ்த்ராவ்கா திரையை இழுத்தாள். சுவரில் ஓட்டை, ஓட்டையில் குழாய், குழாய்க்குப் பின்னால் காலிப் பாத்திரத்தோடு சமையல்காரர்.

"என்ன ஏன் மொறைக்கிறீங்க? பத்து மூட்ட உள்ள வந்தா மூணுதான் என் அடுப்புக்கு வரும். மீதி மேயர் வீட்டுக்கும் டாக்டர் சம்பளத்துக்கும்!"

பென்காவின் முகம் அவள் விற்கும் மிளகாய்போல் சிவந்தது. "அப்ப இத்தன நாளா எங்களுக்குச் சோறு போட்டது யாரு?"

"நீங்கதான்டி. ஏழு மூட்ட கூலி கொடுத்து!" என்றாள் ஸ்த்ராவ்கா.

அன்று மதியம் ஸ்த்ராவ்காவின் கடையில் உட்கார இடமில்லை. காசு கொடுத்துக் குடித்தவர்கள் உப்புக் கூடிவிட்டது என்று சண்டைக்கு வந்தார்கள். இலவச அண்டாவில் எவரும் உப்புப் பார்த்ததில்லை.

ஸ்த்ராவ்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்கிட்ட காசு கொடுத்தா மட்டும் கேள்வி கேக்கத் தெரியுதுல்ல? வரியும் உங்க காசுதான்யா. அங்கயும் போய்க் கேளுங்க!"