கதவுக்கு அந்தப் பக்கம் நடராஜா சர்வீஸ்

ஒரு மனிதர் என் வீட்டு மணியை அடித்தபோது, உள்ளே இருந்துகொண்டே, இல்லாதவன் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போய்விட்டார். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியும்.

போனவர் லேசுப்பட்டவர் இல்லை. மனித குலம் தேய்ந்துகொண்டே போவதைத் தாம்பரம் வட்டாரத்தில் தன்னந்தனியாக, ஒரு ஜோடி ரப்பர் செருப்பின் துணையோடு தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தவர். எங்கே போவதானாலும் நடந்தே போவதால் சேலையூர் முழுக்க அவருக்கு ‘நடராஜா சர்வீஸ்’ என்றே பெயர். அதில் அவருக்கு வருத்தமில்லை. கதவைத் தட்டி, “நடராஜா சர்வீஸ் வந்திருக்கு!” என்று அவரே பஸ் வந்ததுபோல அறிவிப்பார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரையெல்லாம் ஒயரால் இணைத்துவிட்டு, தன் வீட்டில் மட்டும் போன் வைத்துக்கொள்ளவில்லை. யாரிடம் எதைச் சொல்ல வேண்டுமானாலும் நேரில் போய்த்தான் சொல்வார். செம்பாக்கத்தில் அவர் வீடு. சேலையூரில் எங்கள் அடுக்குமாடி. “இன்னைக்குத் தண்ணி லாரி வராதாம்” என்று சொல்வதற்காக அவ்வளவு தூரமும் வெயிலில் வருவார். அவர் வந்து சேரும்போது கீழே லாரி நின்றுகொண்டிருக்கும்.

“அப்போ தகவல் தப்பு. ஆனா நேர்ல வந்து சொன்னேன் பாருங்க, அது சரி” என்பார்.

போனில் அப்படி என்னதான் குறை என்று ஒருநாள் கேட்டேன்.

“முப்பத்தஞ்சு வருஷம் காதுல மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன் ப்ரொபசர் சார். ஜனங்க போன்ல பேசறது பாதி பொய். பொய் சொல்றது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா அப்பல்லாம் ஒருத்தன் பொய் சொல்லணும்னா எதிர்ல வந்து நிக்கணும். கண்ணைச் சிமிட்டக் கூடாது. வேர்க்கும், தொண்டை அடைக்கும். அத்தனையும் மீறிச் சொன்னான்னா அது ஒரு உழைப்பு சார்! இப்ப சோபால படுத்துக்கிட்டு ‘மீட்டிங்ல இருக்கேன்’ங்கறான். பொய் சொல்லக்கூட நமக்குத் தெம்பு இல்லாமப் போச்சு.”

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அதைத் தெரிந்துகொண்டதிலிருந்து அவர் என்னை விடவில்லை. தன் கொள்கைக்கு விஞ்ஞானத்தின் முத்திரை வேண்டும் அவருக்கு. மனிதனிடமிருந்து எது எது எந்த வரிசையில் உதிரும் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். லிப்டால் முதலில் கால் போகும். மிக்ஸியாலும் வாஷிங் மெஷினாலும் கை. நம்பர்களையெல்லாம் செல்போனே வைத்துக்கொள்வதால் ஞாபகம். எஸ்எம்எஸ்ஸால் கடைசியில் வாய்.

“மிஞ்சறது கட்டைவிரலும் வயிறும்தான் சார். நாள் கணக்கு மட்டும் நீங்க போட்டுக் குடுங்க.”

“அப்படியெல்லாம் உதிராது சார்” என்று வகுப்புக் குரலில் சொல்வேன். “நாம உபயோகிக்காம சூம்பிப் போனது நம்மளோட சரி. நம்ம பிள்ளை முழுக் காலோடதான் பொறக்கும்.”

“பொறக்கும் சார். அதை எங்க நடக்க விடறீங்க?”

நான் சமையலறையிலிருக்கும் என் மனைவியின் பக்கம் திரும்புவேன். “சரோஜா, சாருக்குக் காபி” என்பேன்.

அவர் வாழ்க்கையின் பொன்னாள், எங்கள் லிப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் கரண்ட் போய் நின்ற நாள். உள்ளே ஐந்து பேர். வழக்கம்போல் படியேறி வந்துகொண்டிருந்த நடராஜா சர்வீஸுக்கு விஷயம் புரிந்தது. படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எழுந்து போக முடியாத சபை அவருக்கு அன்றுதான் வாய்த்தது. முக்கால் மணி நேரம், இருட்டில், மனிதனின் வீழ்ச்சியைக் காலிலிருந்து ஆரம்பித்து விளக்கினார். “சார், ஆளைக் கூப்பிடுங்க சார்!” என்று உள்ளிருந்து கெஞ்சினார்கள். “வாட்ச்மேன் போயிருக்காரு. அதுக்குள்ள இந்த முழங்கால் விஷயத்தை முடிச்சிடறேன்” என்றார். வெளியே வந்த ஐந்து பேரில் ஒரு அம்மாள் அதன்பிறகு லிப்டைத் தொடவே இல்லை. அவர் கொள்கையை ஏற்றுக்கொண்டா, இன்னொரு தடவை அவரிடம் அகப்படக் கூடாது என்றா, தெரியவில்லை.

தினமும் ஐந்து மணிக்கு வருவார், ஏழு மணிக்குப் போவார். மூன்று வருடம். அவர் பேசுவார், நான் கேட்பேன். அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த என் மகன், யாரென்று பார்க்காமல் கதவைத் திறக்காதீர்கள் என்று சொல்லி, கதவில் சின்ன லென்ஸ் ஒன்றைப் பதித்தான். கம்ப்யூட்டரில் கேமராவும் மாட்டிக் கொடுத்தான். அவன் ஊருக்குத் திரும்பியபின் சாயங்காலங்களில் அதில் வந்து பேசுவான். இரண்டையும் நடராஜா சர்வீஸிடம் பெருமையாகக் காட்டினேன். கேமராவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. லென்ஸைத்தான் கால் மணி நேரம் ஆராய்ந்தார். வெளியே நின்றுகொண்டு, “உள்ள நில்லுங்க சார்... கண்ணை வைங்க... எடுங்க... மறுபடி வைங்க” என்றார். பிறகு சொன்னார்:

“நீங்க கண்ணை வெச்சா இந்தப் பக்கம் வெளிச்சம் போயிடுது சார். இருட்டாச்சுன்னா ஆள் நிக்கறாங்கன்னு அர்த்தம். இதுல யாரு யாரைப் பார்க்கறாங்க?”

அவர் சொல்வதில் பாதியை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதில் இதுவும் போயிற்று.

அந்த நாள் மகன் கேமராவில் சீக்கிரமே வருவதாகச் சொல்லியிருந்தான். நாலரைக்கே மணி அடித்தது. போய்க் கண்ணை வைத்தேன். அவர்தான். ஓடி வந்தவர்போல் மூச்சு வாங்கியது. தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. இன்று ஒன்பது மணி வரை போகமாட்டார் என்று பயந்துபோனேன். பின்வாங்கினேன். மறுபடி மணி. மறுபடி கண்ணை வைத்தேன்.

“பாவம்ங்க, மூணு மாடி ஏறி வந்திருக்காரு” என்று கிசுகிசுத்தாள் சரோஜா. நான் உதட்டில் விரலை வைத்தேன்.

மூன்றாம் முறை பார்த்தபோது அந்தச் சிரிப்பைக் காணோம். கதவுக்கு வெகு அருகில் வந்தார். லென்ஸ் முழுக்க அவர் கண் பெரிதாக நிறைந்தது. நான் துள்ளி விலகினேன். பிறகு அவர் குரல் கேட்டது. மெதுவாக, ரொம்ப மரியாதையாக:

“சார் வந்தா சொல்லுங்க. நடராஜா சர்வீஸ் வந்துட்டுப் போச்சுன்னு.”

செருப்புச் சத்தம் படியிறங்கியது.

“யார்கிட்டங்க சொல்லிட்டுப் போறாரு?” என்றாள் சரோஜா.

“எதிர் வீட்டுக்காரர்கிட்ட இருக்கும்” என்றேன். எதிர் வீடு இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது.

அவர் வரவில்லை. முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. இரண்டாம் வாரம் ஐந்து மணிக்கு மணி அடித்தது போலிருக்கவே போய்ப் பார்த்தேன். லென்ஸில் எதிர் வீட்டுப் பூட்டு தெரிந்தது. மூன்றாம் வாரம், கீழே துணி தேய்க்கும் கன்னியப்பனிடம் விசாரித்தேன்.

“இன்னா சார், மெய்யாலுமே தெர்யாதா உனக்கு? அவரு சம்சாரம் நாலு வருசமா படுத்த படுக்கையாக் கீது. ஒரு பக்கம் கையி காலு வராது, பேச்சும் வராது. சாய்ங்காலம் ஒரு ஆயா வந்து பாத்துக்கும். அது கீற நேரந்தான் மனுசன் வெளிய வர்றது. கடேசியா வந்தாரே, அன்னிக்கு அந்தம்மா பேசிச்சாம் சார்! இவரு இந்த வழியா ஓடியாந்தாரு பாரு, ‘இன்னா சார் ஓடுறே’ன்னேன். ‘மொதல்ல ப்ரொபசர் கைல சொல்லணும்பா, அப்பால உனக்கு’ன்னுட்டு மாடி ஏறிட்டாரு. திரும்பி வரசொல்லோ மூஞ்சே சரியில்ல. என் கைல ஒண்ணுமே சொல்லல. ஆயாதான் சொல்லிச்சு.”

“என்ன பேசினாங்களாம்?”

“அத்த அவரு கைலயே கேளு சார்.”

மேலே வந்து சரோஜாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. “செருப்பைப் போட்டுக்கங்க. ஆட்டோ பிடிக்காதீங்க” என்றாள்.

அவ்வளவு தூரம் நடந்து எனக்குப் பல வருடம் ஆகியிருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். அவர் வீட்டுக் கதவில் மணியும் இல்லை, லென்ஸும் இல்லை. தட்டினேன்.

“யாரு?”

“நான்தான் சார். ப்ரொபசர்.”

காலடிச் சத்தம் கதவு வரை வந்து நின்றது. பிறகு, அவர் குரலிலேயே, “அவர் வீட்ல இல்லைங்களே” என்றார்.

திரும்பி வந்தேன். மறுநாளும் போனேன். “அவர் வெளியூர் போயிருக்காருங்க” என்றார். கதவுக்குப் பின்னால் நின்று சொல்கிற பொய். அதில் உழைப்பே இல்லை. அதை எனக்குக் காட்டத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. மூன்றாம் நாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கதவைப் பார்த்துச் சொன்னேன்: “அன்னைக்கு நான் உள்ளதான் சார் இருந்தேன். தப்பு பண்ணிட்டேன்.”

“அவர் வந்தா சொல்றேங்க.”

அப்போது உள்ளேயிருந்து இன்னொரு குரல் வந்தது. பெண் குரல். வார்த்தையைத் தரையில் இழுத்துக்கொண்டு வருவதுபோல.

“இருக்... கா... ரு.”

கதவு திறந்தது. அவர் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றார். “பாத்தீங்களா சார், நாலு வருஷம் கழிச்சு வாயைத் திறந்து, காட்டிக் குடுக்கறா!”

உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். அந்த அம்மாள் முதன்முதலில் என்ன பேசினார் என்று கேட்டேன். அதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்து நின்று நடித்துக் காட்டினார். வழக்கம்போல் அன்று மத்தியானம் அந்த அம்மாளுக்கு மனித குலத்தின் வீழ்ச்சியை விளக்கிக்கொண்டிருந்தாராம். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துச் சொன்னாராம்:

“கொஞ்... சம்... சும்... மா... இருங்க.”

“அதைச் சொல்லத்தான் சார் அன்னைக்கு ஓடி வந்தேன்” என்றார்.

அதன்பின் தினமும் ஐந்து மணிக்கு நான்தான் அங்கே போனேன். என் கதவு லென்ஸின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். இரண்டு வருடம் ஓடியது. ஒரு காலையில், நடராஜா சர்வீஸ் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று கன்னியப்பன் போனில் சொன்னார். இதை யாருக்கும் நான் போனில் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். அவர் வழக்கமாகத் தகவல் சொல்லப் போகிற வீடுகள் பதினேழு. காலையிலேயே கிளம்பினேன்.

பதினாறு வீட்டில் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கடைசி வீடு மேடவாக்கம் போகிற சாலையில், புது அடுக்குமாடியில் இருந்தது. மணியை அடித்தேன். கதவில் லென்ஸ் பொட்டுப்போல ஒளிர்ந்துகொண்டிருந்தது. இருட்டாயிற்று. மறுபடி ஒளிர்ந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன்.

“சார் வந்தா சொல்லுங்க” என்றேன் கதவிடம். “நடராஜா சர்வீஸ் வந்துட்டுப் போச்சுன்னு.”