மேடம் கழுத்தில் ஒரு வலை முடிச்சு

"படிப்பையும் வீட்டு வேலையையும் எப்படிக்கா ஒண்ணா சமாளிச்சீங்க?" என்று பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகள் கேட்கும்போதெல்லாம், நான் மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விடுவேன். பதில் தெரியாமல் இல்லை. முதலாமாண்டில் அந்தக் கலையில் நான் அடைந்த தேர்ச்சியைச் சொன்னால், பாவம், நாளைக்கே படிப்பை விட்டுவிடுவார்கள்.

அப்போது பழவேற்காட்டுக் கரையோரக் குப்பத்திலிருந்து தினமும் பொன்னேரிக்கு பஸ்ஸில் போய்ப் படித்தேன். எங்கள் குப்பத்திலிருந்து நர்சிங் படிக்கப்போன முதல் ஆள் நான். (இதை யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுவது என் வழக்கம்.) வீட்டுச் சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தேன். 'காலை: உடற்கூறியல் + பாத்திரம்' என்றிருக்கும். இரண்டுமே பாதிதான் நடக்கும். அட்டவணை மட்டும் மூன்று வண்ணங்களில் அமர்க்களமாக இருந்தது.

செய்முறைத் தேர்வு வந்தது. அதில் தேறினால்தான் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகலாம். தவறினால் இன்னும் ஆறு மாதம் ரப்பர் பொம்மையோடு குடித்தனம். பார்த்துப் பார்த்து அதற்கு மறுநாளே எங்கள் வீட்டுப் பாடு வந்து தொலைத்தது. பாடு என்றால், ஏரியில் வலை போட வீட்டுக்கு வீடு முறை வைத்து விடும் நாள். அதைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை கரையில் நின்று அடுத்தவர் இறால் அள்ளுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். நண்டு வேறு எங்கள் வலையைக் குதறி வைத்திருந்தது.

தேர்வன்று விடிந்ததும் நானே வலை ஊசியைக் கையில் எடுத்தேன்.

"பரீட்சை நாளும் அதுவுமா உனுக்கு இன்னாத்துக்குடி வலை? உடு, நைனா பாத்துக்கும்" என்றாள் அம்மா.

"ரெண்டையும் ஒண்ணா பண்ணுவேம்மா. இதுக்குப் பேருதான் டைம் மேனேஜ்மென்ட்."

"இன்னா எழவோ" என்று அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மடியில் வலை, பக்கத்தில் நோட்டு. உடைந்த கையைத் துணியில் ஏந்திக் கழுத்தோரம் கட்டுவதற்கென்று ஒரு முடிச்சு உண்டு, அவிழ்க்கச் சுலபமானது. 'வலதை இடது மேல், இடதை வலது மேல்' என்று அதைச் சுலோகம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே கிழிசல் மொத்தத்தையும் கட்டி முடித்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தேர்வு அறையில் பொம்மையின் கை தோளோடு கழன்று கிடந்தது. (எனக்கு முன்னால் போனவள் பலசாலி.) வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்த மேடம், "பரவாயில்ல, என் கையில கட்டு" என்று நாற்காலியில் உட்கார்ந்து கையை மடக்கிக் காட்டினார். கஞ்சி போட்ட புடவை, கண்டிப்பான முகம். அவ்வளவுதான், எனக்கு வலதும் மறந்தது, இடதும் மறந்தது.

ஆனால் கை மறக்கவில்லையே! ஏழு வயதிலிருந்து வலையில் பழகிய கை. மேடத்தின் கழுத்தோரம் துணியின் இரண்டு முனைகளையும் சேர்த்து, சுற்றி, நுழைத்து, சரக்கென்று இழுத்து இறுக்கியது. அதோடு நின்றிருக்கலாம். வலை கட்டுகிறவர்கள் முடிச்சுப் போட்டதும் மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துண்டிப்போம். நான் குனிந்து, மேடத்தின் காதுக்குக் கீழே வாயைக் கொண்டுபோய், துணி நுனியைக் கடித்தேன்.

"ஏய்! என்னம்மா பண்ற?"

"மிச்சத்தை வெட்டறேன் மேடம்" என்றேன், பல்லில் துணியோடு.

அவர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், வரவில்லை. எங்கள் டீச்சர் ஓடிவந்து இழுத்தார். மேடத்தின் கழுத்துதான் வந்தது. கடைசியில் கத்திரிக்கோல் கொண்டுவந்து வெட்டினார்கள். "நாளைக்கு ஆபரேஷன் தியேட்டர்லயும் இப்படித்தான் நூலைக் கடிப்பியா?" என்று கேட்டுவிட்டு மேடம் என் கண்ணெதிரிலேயே மதிப்பெண் போட்டார். நல்ல பெரிய வட்டமாகவே போட்டார்.

திருப்பாலைவனம் வரைக்கும் பஸ்ஸில் அழுதேன். அதற்கப்புறம் தெரிந்தவர்கள் ஏறிவிட்டார்கள். இனி நர்ஸே ஆக முடியாதோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சரி, நாளைக்கு ஏரியிலாவது என் உழைப்பு பேசும் என்று தேற்றிக்கொண்டேன்.

பேசியது. மறுநாள் நைனா வெறுங்கூடையோடு வந்து வலையை என் முன்னால் விரித்தார்.

"நீ கட்ன இடமெல்லாம் பல்ல இளிச்சிகினு நிக்கிதும்மா. எறா பூரா அதுல பூந்து ஊட்டுக்குப் பூடிச்சி."

குனிந்து பார்த்தேன். நான் கட்டியது அத்தனையும் ஆஸ்பத்திரி முடிச்சு. வழுவழுத்த நைலான் நூலில் ஒன்றுவிடாமல் நழுவியிருந்தது.

"இங்க போடவேண்டியத டீச்சரம்மா கழுத்துல போட்டுட்டு, அங்க போடவேண்டியத இங்க போட்டுகிறியே, இன்னா பொண்ணுடி நீ?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நைனா திட்டுவார் என்று நின்றேன். மனுஷர் மணலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நாலு சாத்து சாத்தியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

தோழிகள் வார்டுக்குப் போனார்கள். நான் ஆறு மாதம் கைகழன்ற பொம்மைக்குச் சேவகம் செய்துவிட்டு, மறுதேர்வில் தேறி, ஒருவழியாக நர்ஸானேன். கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

என் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனார், மாப்பிள்ளையின் அக்கா, என் பின்னால் குனிந்தார். மேளச் சத்தத்தையும் மீறி நைனா கத்தினார்:

"யம்மா, வலை முடிச்சா போடும்மா! ஆஸ்பத்திரி முடிச்சு போட்டியானா மாப்ள நழுவிடுவாரு!"

அட்சதை போட வந்த கூட்டம் அரிசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சிரித்தது. விஷயம் புரியாமல் விழித்த மாப்பிள்ளைக்குப் பந்தியில் வைத்து நாலு பேர் நாலு விதமாகக் கதை சொன்னார்கள். இன்றைக்கும் வீட்டில் சண்டை முற்றினால் அவர் பெருமூச்சு விட்டபடி என் தங்கையிடம் புலம்புகிறார்:

"எங்க அக்கா உங்க நைனா சொன்ன முடிச்சைத்தான் போட்டுச்சு போல. நானும் இத்தினி வருசமா பாக்கறேன், நழுவ முடியலியேம்மா!"