இருநூற்று நாற்பது கிராம்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த அன்று ஒரே ஒரு பிழை செய்தது: அதை எடை போட்டுப் பார்க்கவில்லை. பல்லாயிரம் ஆண்டுகள் நீடித்த அந்தப் பிழையைத் திருத்தும் பேறு, முதல் வரிசைக் கார்ப் பந்தயத்தில் ஓடும் ஓர் அணியின் 'செயல்திறன் உயர்நிலைக் குழு'வுக்கு வாய்த்தது.

குழுத் தலைவரைப் பட்டறையில் எல்லோரும் கிராம் சார் என்பார்கள், அவர் எதிரில் இல்லாதபோது. ஊற்றுகிற எரிபொருளில் பாதிதான் காரை ஓட்டுகிறது, மீதி சூடாகிக் காற்றோடு போகிறது என்ற செய்தி அவர் தூக்கத்தைக் கெடுத்தது. எஞ்சினைத் திருத்துவது கஷ்டம். அதற்கு வேலை தெரிந்தவர்கள் வேண்டும். எடையைக் குறைக்கக் கூட்டம் போதும். ஆகவே கூட்டம் போட்டார். காரின் பெயிண்டைச் சுரண்டினார்கள். ஓட்டுநருக்கு மொட்டை அடித்தார்கள். ரேடியோவில் உறவுமுறை சொல்லி அழைப்பதும் தடை செய்யப்பட்டது. சுற்றுக்கு ஒரு 'மாமா' என்றால் பேட்டரி என்னத்துக்கு ஆகும்?

அந்தத் தடையால் பாதிக்கப்பட்ட மாமா ஒருவர்தான், அணியின் டயர் மாஸ்டர். ஓட்டுநர் அவருடைய அக்கா மகன். "டயரைப் பாத்துக்கறது நீதானேன்னுதான் இவனை இந்தப் பொழப்புக்கு விட்டேன்" என்று அக்கா சொல்லியிருந்தாள். தட்டிப் பார்த்தே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவார் மாஸ்டர். ஆனால் முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் டயரை யார் தட்டிப் பார்ப்பது? அதற்காக ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் இருந்தது. காற்று இறங்கினால், பந்தயப் பாதையோரம் அணி நிற்கும் பிட்டில் உள்ள திரையில் சிவப்பு எரியும். ஒன்றின் எடை அறுபது கிராம்.

நாற்பத்தொன்றாவது கூட்டத்தில் அது கிராம் சாரின் கண்ணில் பட்டது.

"இந்த நாலும் என்ன பண்ணுது?"

"காத்து எறங்கினா சொல்லும் சார்" என்றார் மாஸ்டர்.

"இந்த வருஷம் எத்தனை தடவை சொல்லுச்சு?"

"இன்னும் எறங்கலையே சார்."

"அப்போ இத்தனை பந்தயமும் ஓசியில சவாரி போயிருக்கு."

உறுப்பினர்கள் நால்வரும் மேஜையைத் தட்டினார்கள். மாஸ்டர் விடவில்லை.

"நாளைக்கு எறங்கினா எப்படிச் சார் தெரியும்?"

"உங்களை மாதிரி ஒரு நிபுணர் இருக்கும்போது இது எதுக்கு மாஸ்டர்? உங்களை நம்பித்தான் எடுக்கறோம்."

இருபது வருடத்தில் அவரை யாரும் நிபுணர் என்று சொன்னதில்லை. மயங்காதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு மாஸ்டர் மயங்கினார். கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே நான்கு சென்சாரையும் தன் கையாலேயே கழற்றினார்.

பலன் உடனே தெரிந்தது. சென்சார் போன பிறகு திரையில் சிவப்பு எரிய வழியே இல்லை. நான்கு சக்கரமும் நிரந்தரப் பச்சை. 'டயர்களின் உடல்நலம் நூறு சதவீதத்தை எட்டியது' என்று குழு அறிக்கை வெளியிட்டது.

அடுத்த பந்தயம். முப்பத்தொன்றாவது சுற்றில் ரேடியோ கரகரத்தது.

"மாமா, பின்னாடி எடது பக்கம் இழுக்குது."

"உறவுமுறை வேண்டாம்" என்றார் கிராம் சார், மைக்கில்.

"சரி சார். இழுக்குது சார்."

மாஸ்டர் கிராம் சாரிடம் திரும்பினார். "காத்து எறங்குது சார். உள்ள கூப்பிடுங்க."

"திரையைப் பாருங்க. பச்சை."

"அது எப்பவும் பச்சைதான் சார். அதான் கழட்டிட்டோமே."

"உள்ள வந்து டயர் மாத்தினா இருபத்திரண்டு செகண்ட் போச்சு. நான் ஒருத்தனா முடிவு பண்ண முடியாது. அவசரக் கூட்டம் போடலாம்."

போட்டார்கள். விதிப்படி ஐந்து பேரும் வேண்டும். ஐந்தாமவர் கழிப்பறையில் இருந்தார். விதியை மீறுகிற அணி அல்ல அது. மாஸ்டருக்குத் தானே பேசி மருமகனை உள்ளே வரச் சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனால் அவர் காதில் இருந்த ஹெட்போனில் கேட்க மட்டும்தான் முடியும். பேசும் வசதியைச் சிக்கனம் கருதி முப்பத்தாறாவது கூட்டத்தில் நீக்கியிருந்தார்கள்.

ஐந்தாமவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காரும்போது டயர் வெடித்தது. கார் சுழன்று, எஞ்சின் அணைந்து, புல்லைத் தாண்டி, சரளையில் சறுக்கி, சுவரில் மோதி நின்றது. திரை பச்சையாகவே இருந்தது.

ஓட்டுநர் பிழைத்தார். வலது கால் எலும்பு மட்டும் இரண்டாகப் போயிற்று. வேறு யாராக இருந்தாலும் இடிந்து போயிருப்பார்கள். குழுவோ மறுநாள் காலையிலேயே அறிக்கையை முடித்துவிட்டது: 'எஞ்சின் அணைந்த நிலையிலும் வாகனம் இருநூற்றுப் பத்து மீட்டர் முன்னேறியுள்ளது. இத்தூரத்துக்கு எரிபொருள் செலவு: இல்லை. பந்தய வரலாற்றில் இது முதன்முறை.' இப்படி ஒரு மனம் எல்லோருக்கும் வாய்க்காது.

மத்தியானம் கிராம் சார் ஆஸ்பத்திரிக்கே நேரில் வந்தார். கட்டிலில் மருமகன் மயக்க மருந்துத் தூக்கத்தில் இருந்தான். தலைமாட்டில் அக்கா. கால்மாட்டில் மாஸ்டர். காலையிலிருந்து அக்கா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: "காத்து எறங்கினது உனக்கு எப்படிடா தெரியாம போச்சு?" சென்சாரைக் கழற்றிய கதையைச் சொல்ல மாஸ்டருக்கு வாய் வரவில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "எலும்பு மேல ஒரு தகடு வெச்சு, ஆறு ஸ்குரூ போட்டிருக்கு. நல்லா நடப்பார்."

"கார்ல உக்காருவாரா?" என்றார் கிராம் சார்.

"ஒரு வருஷம் போகட்டும்."

கிராம் சார் படத்தைக் கூர்ந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்தார்.

"மொத்தம் என்ன வெயிட் டாக்டர்?"

"எது, ஸ்குரூவா? தகட்டோட சேத்து ஒரு அம்பது கிராம் இருக்கும்."

"ஆறும் அவசியமா?"

டாக்டருக்குக் கேள்வியே புரியவில்லை. மாஸ்டருக்குப் புரிந்தது. காலையிலிருந்து வராத வாய் இப்போது வந்தது. அக்காவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்:

"எது வேண்டாம்னு கூட்டம் போட்டுச் சொல்லுங்க சார், நானே கழட்டித் தரேன். அவன் வண்டியில இருந்து சென்சாரைக் கழட்டினதும் இந்தக் கைதானே. உங்க கைதான் சுத்தமா இருக்கே."