யாரைப் பிடிச்சீங்க?

'யாரைப் பிடிச்சீங்க?' இனத்தாரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஒருவருக்கு ஒரு நல்லது நடந்துவிட்டால், அதற்குப் பின்னால் ஒரு மாமாவோ மச்சானோ மந்திரியோ நின்றே ஆக வேண்டும் என்பது இவர்கள் கட்சி. அந்த ஆள் யாரென்று தெரியும்வரை இவர்களுக்குச் சோறு இறங்காது.

திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கண்ணையன் இந்த இனத்தில் முதல் தரம். வேலைக்கு மனுப் போடுகிறவர்களின் சான்றிதழ்களை ஓரம் மடங்காமல், எழுத்து சாயாமல் அத்தனை சுத்தமாகப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, "எல்லாம் கரெக்டா இருக்குது. ஆனா, ஆளு இருக்குதா?" என்று கேட்டுத்தான் அனுப்புவார்.

ஒன்றியத் தலைவரின் மகள் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். "மத்த புள்ளைங்கள மெதுவா ஓடச் சொல்லியிருப்பாங்க" என்றார். அடுத்த வருடம் அதே பெண் நான்காவதாக வந்தாள். "அப்பனுக்கு அவ்ளோ செல்வாக்கு. ஒரு கப்பு வாங்கத் துப்பில்ல பாரு" என்றார். பாவம், அந்தப் பெண் எத்தனையாவதாக வந்தால் இவருக்குச் சம்மதம்?

இப்பேர்ப்பட்டவரின் சொந்தத் தங்கை செண்பகம் மூன்று வருடம் படித்து, பரீட்சை எழுதி, விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை வாங்கிவிட்டாள். கண்ணையனுக்குத் தலைகால் புரியவில்லை. நியமன ஆணையை நான்கு பிரதி எடுத்து, ஒன்றைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார்.

பக்கத்து டீக்கடை சவுரிராயன் அதை நிதானமாகப் படித்தார்.

"யாரப் புடிச்சீங்கண்ணே?"

"யாரையும் புடிக்கலப்பா. படிச்சிக்கினே இருந்துச்சு, பாஸ் பண்ணிச்சு."

"எங்கிட்டயேவா? ஆளு இல்லாம பியூன் வேல கூட கெடைக்காதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

கண்ணையன் சத்தியம் செய்தார். மறுக்க மறுக்கச் சவுரிராயனின் கண்ணில் மரியாதை ஏறிக்கொண்டே போனது. அன்று டீயில் சர்க்கரை தூக்கல். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். கெடாரிலிருந்து வந்த ஒருவர் மகனுடைய மனுவை இரண்டு கையாலும் நீட்டி, "ஒரு வார்த்த சொல்லி வைங்க சார்" என்றார்.

சார்! இருபது வருடமாக 'யோவ் ஜெராக்ஸு' என்று கூப்பிட்ட ஊர்.

கண்ணையன் தொண்டையைச் செருமினார். "பாக்கலாம்" என்றார்.

அந்த ஒரு சொல், செண்பகத்துக்கு முன்பே பஸ் ஏறி விழுப்புரம் போய்ச் சேர்ந்துவிட்டது. வேலையில் சேர்ந்த அன்று ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டார்கள். கோப்பு ஒன்றுகூடத் தரவில்லை. "நீ எதுக்கும்மா கஷ்டப்படற? பெரிய எடத்துப் பொண்ணு, சும்மா உக்காரு" என்றாள் மூத்த எழுத்தர் ருக்கு. செண்பகம் திரும்பியதும், "இதுக்கு ஒரு லெட்டர் எழுதத் தெரியுமான்னு கேளு" என்று பின்னால் ஒரு சிரிப்பு.

சாயங்காலம் நேரே கடைக்கு வந்தாள்.

"அண்ணே, நாம பெரிய எடமாமே? எங்க இருக்குது அந்த எடம், இந்த மிஷினுக்குப் பின்னாலயா?"

"வுடும்மா. நாலு பேரு மதிக்கிறாங்க இல்ல?"

"உன்ன மதிக்கிறாங்க. நான் எழுதுன பரீட்சைய யாரு மதிக்கிறா?"

மறுநாள் கண்ணையன், கடைக்கு வந்த அத்தனை பேரிடமும், "எனக்கு யாரையும் தெரியாதுங்க. என் தங்கச்சி சொந்தமா படிச்சி வாங்கின வேலைங்க" என்று கை கூப்பிச் சொன்னார். எல்லாரும் பணிவாகத் தலையாட்டினார்கள். பெரிய ஆட்கள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று தங்களுக்குள் வியந்துகொண்டு, மனுக்களை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. கடைசியாக உங்கள் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையை எடுங்கள். மணப்பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் அவள் படித்து வாங்கிய பட்டம் சின்ன எழுத்தில் இருக்கும். அது என்ன பட்டம்? தெரியாது. தலைமை தாங்குகிறவர் யார்? பார்த்தீர்களா, அதை மட்டும் பத்திரிகையைப் பிரிக்காமலே சொல்லிவிட்டீர்கள்.